லைட் இல்ல, வெயிலு

"புரிஞ்சுதா?" என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு, அதுவும் பெரும்பாலும் பொய் என்பது அவருடைய கட்சி. விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "இப்ப நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்பார். பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்துவிடுவார். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

நான் மாநில அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும், யார் இருமினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. வேலையில் இருக்கும்வரை இந்த அறிவுக்கு மதிப்பில்லை. ஓய்வு பெற்றதும் அதற்கு ஆலோசனை என்று பெயர் வந்துவிடுகிறது. அப்படித்தான் வைட்ஃபீல்டில் ஒரு சின்னக் கம்பெனி என்னைக் கூப்பிட்டது. அவர் அங்கே தலைமைப் பொறியாளர். நாற்பதைத் தாண்டிய வயது, பருத்திப் புடவை, கழுத்தில் அடையாள அட்டையோடு சேர்த்து மூக்குக்கண்ணாடியும் தொங்கும்.

முதல் நாள் எனக்கு முன்னால் ஒரு சில்லை வைத்தார். அரிசிமணி அளவு. கம்ப்யூட்டர் சில்லில் மின்சாரம் ஓடுவது போல இதில் வெளிச்சம் ஓடும். முடியைவிட மெல்லிய வாய்க்கால்கள் வெட்டியிருக்கிறோம் என்றார். நோயாளிக்கு ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அது உடம்பு முழுக்கப் போகும், புற்றுக்கட்டியில் அதிகமாகத் தங்கும். ஆனால் சும்மா இருக்கும். இரண்டு நாள் கழித்து இந்தச் சில்லைக் குழாய் வழியாக இறக்கிக் கட்டியின் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அது மெதுவாகச் சிவப்பு வெளிச்சம் விடும். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் மருந்து விழித்துக்கொண்டு அங்கிருக்கும் செல்களைக் கொல்லும்.

"வெட்டு கிடையாது. உடம்பு பூரா விஷம் ஏத்தறதும் கிடையாது. ஆனா ஒரு தொல்லை இருக்கு சார். தோல்லயும் அந்த மருந்து கொஞ்சம் தங்கும். ஒரு மாசம் வெயில் பட்டா அங்கயும் முழிச்சுக்கும். தோல் வெந்துடும். இப்ப நீங்க சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பல மந்திரிகளுக்கு நான் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். படித்தாயா என்று அவர்களும் என்னைக் கேட்டதில்லை, நானும் அவர்களைக் கேட்டதில்லை. ஆனாலும் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில், சில்லே மருந்தை விடுகிறது என்று சொல்லிவிட்டேன். அவர் திருத்தவில்லை. "என் தப்பு. நான் சொன்ன வரிசை சரியில்ல" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த இடத்தில்தான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். நாம் தப்பாகத் திருப்பிச் சொன்னால் குற்றம் அவருடையது. அரசுப் பணியில் இப்படி ஒரு பிறவியை நான் சந்தித்ததில்லை. சந்தித்திருந்தால் இடமாற்றம் செய்திருப்போம்.

அவருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள், பின்னால் ஏதோ ஒரு சோகக் கதையை எதிர்பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்து இல்லை. சிலருக்கு மூக்குப்பொடி, சிலருக்குக் குறுக்கெழுத்து, அவருக்கு இது.

ஆட்டோக்காரரையும் விடமாட்டார். ஒருநாள் இருவருமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கன்னடத்தில் வழி சொல்லிவிட்டு, எங்கே போகிறோம் என்று அவரையே சொல்லச் சொன்னார். "மேடம், இந்த ரோட்டுல பொறந்து வளர்ந்தவன் நான்" என்று தமிழில் முறைத்தார் டிரைவர். முறைத்துக்கொண்டே சொன்னார். அதே பெயரில் நகரத்தின் மறுகோடியில் இருந்த இன்னொரு கிளையைச் சொன்னார். "என் தப்பு" என்று இவர் முதலிலிருந்து வழி சொல்ல ஆரம்பித்தார்.

கம்பெனி எதிரில், நின்றபடியே சாப்பிடுகிற தர்ஷினி ஓட்டலில் காபி கொடுக்கிறவருக்கும் தினசரி தேர்வு உண்டு. அவர் ஒருமுறை, "ரெண்டு காபி, பெரியவருக்கு சர்க்கரை இல்ல, உங்களுக்கு டிகாக்‌ஷன் ஜாஸ்தி. பாஸா மேடம், ஃபெயிலா?" என்று கேட்டார். "டிஸ்டிங்ஷன்" என்றார் இவர். காபி வந்தது. இரண்டிலும் சர்க்கரை இருந்தது. திருப்பிச் சொல்வதற்கும் திருப்பிச் செய்வதற்கும் நடுவில் ஒரு சமையலறை இருக்கிறது என்றேன். அதற்கு இவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

அவருடைய கணவரும் சாதாரண ஆளில்லை. கம்பெனி விருந்து ஒன்றில் என் காதருகே வந்து, "முகூர்த்தத்துல தாலி கட்டி முடிச்சேன் சார். நிமிர்றதுக்குள்ள, 'ஐயர் சொன்ன மந்திரத்துக்கு என்ன அர்த்தம், நீங்க சொல்லுங்க'ன்னா. இன்னிவரைக்கும் நான் பதில் சொல்லல. அதனாலதான் குடும்பம் ஓடுது" என்றார்.

எல்லாரும் இதை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. கம்பெனியின் இளம் பொறியாளர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை 'டீச்சரம்மா' என்றார்கள். எங்கள் சோதனையை நடத்த ஒப்புக்கொண்ட டாக்டருக்கு இது அறவே பிடிக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர், கை சுத்தம், நேரம் தவறாதவர், தமிழை மட்டும் அவசரமாகப் பேசுவார். "நான் பேஷண்டுக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ணிட்டேன் மேடம். ஹி ஹேஸ் அண்டர்ஸ்டுட்" என்பார். "அவர் என்ன சொன்னார் டாக்டர்?" என்று இவர் கேட்பார். "புரிஞ்சுதுன்னார்." "அதில்ல, என்ன சொன்னார்?" டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

மனிதர்கள் மேல் ஒரு கருவியைச் சோதிக்க என்னென்ன தேவையோ அவ்வளவையும் நான் முடித்து வைத்திருந்தேன். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், காப்பீடு, சாட்சி, வீடியோ பதிவு, எல்லாம். சம்மதப் படிவம் கன்னடத்திலும் தமிழிலும் இருந்தது. மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஒரு நடைமுறை உண்டு: தமிழில் ஆனதை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஆட்கள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் போய், அதே வழியில் திரும்பி வந்தார்கள். வழி தவறவே இல்லை. எல்லாம் அச்சாகப் பொருந்தியது.

கன்னடப் படிவத்தை, அது குழுவுக்குப் போகும் முன்பே, பொறியாளர் வரிவரியாகப் படித்து, 'பெளகு' என்று வெளிச்சத்தைச் சொன்ன இடங்களையெல்லாம் அடித்து 'பிசிலு' என்று வெயிலை எழுதினார். தமிழ்ப் படிவத்தைத் தொடவில்லை. தொட முடியாது; அவருக்குத் தமிழ் படிக்க வராது. தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். இந்த ஊரில் அப்படிப் பல ஆயிரம் தமிழர்கள் இருக்கிறார்கள். தாய்மொழியைக் காதால் மட்டுமே அறிந்தவர்கள். "தமிழ்ல அந்த இடத்துல என்ன போட்டிருக்காங்க சார்?" என்று ஒப்புதல் வந்த பிறகு என்னிடம் கேட்டார். "ஒளிக்கூருணர்வு ஏற்படக்கூடும்" என்று படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கே. யாரோட கவிதை?" என்றார். அதை மாற்றுவதென்றால் குழுவுக்குத் திரும்ப அனுப்ப வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

எங்கள் முதல் நோயாளி அத்திபெலேயிலிருந்து வந்தார். ஓசூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பூ வாங்கி, நெடுஞ்சாலை ஓரத்தில் வைத்து விற்பவர். உணவுக்குழாயில் கட்டி. திடமாக எதையும் விழுங்க முடியாது. கஞ்சியும் மோரும்தான், அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. அறுவைக்கு உடம்பு தாங்காது என்று இரண்டு இடங்களில் கைவிரித்திருந்தார்கள். வாட்டசாட்டமாக இருந்திருக்க வேண்டிய ஆள். சட்டை மட்டும் அந்த அளவிலேயே இருந்தது. மனைவி கூடவே வந்திருந்தார். புருஷன் முகத்தைப் பார்க்காமல் அவருடைய தொண்டையையே பார்க்கிற பழக்கம் அந்த அம்மாளுக்கு வந்திருந்தது.

டாக்டர் என் முன்னால்தான் விளக்கினார். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. "இது ஒரு லைட் ட்ரீட்மெண்ட். இன்ஜெக்‌ஷனுக்கு அப்புறம் ஒரு மாசம் உங்களுக்கு லைட் ஆகாது. ஸ்ட்ராங் லைட் மேல படக்கூடாது. மத்தபடி லைட்டா எரிச்சல் இருக்கும், அவ்வளவுதான். புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சுதுங்க டாக்டர்."

பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். சாட்சியும் போட்டார். என் சர்வீசில் அவ்வளவு குறையற்ற சம்மதத்தை நான் பார்த்ததில்லை.

ஊசி போடுகிற நாளன்று பொறியாளருக்கு ஆஸ்பத்திரியில் எந்த வேலையும் இல்லை. ஆனாலும் வந்தார். நர்ஸ் மருந்தைக் கலந்து தயாராக வைத்திருந்தார். கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் கொட்ட வேண்டியதுதான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கம்பெனிக்குப் பணம் போட்டவர்களிடமிருந்து வந்த ஒருவர் கோட் அணிந்து நின்றிருந்தார். அவர் கையில் போன் படமெடுக்கத் தயாராக இருந்தது.

இவர் கட்டிலோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கன்னத்தில் கை.

"இன்னிக்கு ஊசி போட்டுட்டு வீட்டுக்குப் போவீங்க இல்ல? அப்புறம் ஒரு மாசம் எப்படி இருக்கப் போறீங்க? சொல்லுங்களேன்."

பூக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாடத்தை நன்றாகப் படித்து வந்த பிள்ளையைப் போல எழுந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேங்க மேடம். வீட்ல டியூப் லைட்ட கழட்டிட்டேன். டிவி கூடாதுன்னு இவகிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன். சாமி ரூமுல சின்ன பல்பு ஒண்ணு எரியும், அதையும் பிடுங்கியாச்சு."

"பகல்ல?"

"பகல்ல பிரச்சனையே இல்லீங்க. விடிஞ்சா கடைக்குப் போயிடுவேன். அங்க கரண்டே கிடையாது. சும்மா திறந்த வெளி, நல்ல வெயிலு. லைட்டுங்கற பேச்சுக்கே இடமில்ல."

மனைவியும் பெருமையாகத் தலையாட்டினார்.

ஒரு தமிழனுக்கு லைட் என்றால் சுவிட்சைத் தட்டினால் எரிவது. லைட்டா என்றால் கொஞ்சமாக. சூரியனிடமிருந்து வருவதற்கு அவன் ஒருநாளும் அந்தப் பெயரை வைத்ததில்லை. படிவத்திலோ ஒளிக்கூருணர்வு என்று இருந்தது. இந்த மூன்றுக்கும் நடுவில் அந்த மனிதர், இருட்டு வீட்டிலிருந்து கிளம்பிப் போய் நெடுஞ்சாலை வெயிலில் நாள் முழுக்க உட்கார நேர்மையாகத் திட்டமிட்டிருந்தார்.

"ஊசிய கீழ வெச்சுடுங்க சிஸ்டர்" என்றார் இவர்.

"மேடம், டிரக் கலந்தாச்சு. வேஸ்ட் ஆயிடும்" என்றார் டாக்டர்.

"ஆகட்டும் டாக்டர்." பிறகு பூக்காரரிடம் திரும்பினார். "தப்பு உங்க மேல இல்லீங்க. நாங்க சொன்ன வார்த்தை தப்பு. லைட் இல்ல, வெயிலு. வெயில் உங்க மேல படக்கூடாது. இந்த மருந்து உள்ள இருக்கறப்ப வெயில் பட்டா, கொதிக்கிற எண்ணெய் தெறிச்சாப்பல தோல் வெந்துடும். குடை போதாது. துண்டு போதாது. ஒரு மாசம் கடைக்குப் போகவே கூடாது."

பூக்காரர் வெயிலில் கறுத்த தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மாசமா?"

"ஆமா."

"ஒரு மாசம் இடத்தை விட்டா வேற ஆளு வந்து உக்காந்துடுவாங்க மேடம். பண்டிகை வேற வருது." எழுந்து சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். "அப்ப வேண்டாங்க."

மனைவிக்கு வந்த கோபத்தை அந்த அறை தாங்கவில்லை. "மோரே எறங்கல, இதுல கடையாம் கடை! எவன் வந்து உக்காந்தா இன்னாய்யா? உன் ரோடா அது? கெவர்மெண்ட்டு ரோடு! நீ இல்லாத எடத்துல நான் எவனுக்குய்யா பூ கட்டறது?"

"கத்தாத. ஆஸ்பத்திரி இது."

டாக்டர் பொறியாளரைப் பார்த்தார். இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த ஆள் மறுபடி படுத்திருப்பார். சொல்லவில்லை. எழுந்து கதவைத் திறந்துவிட்டார். புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டபடியே போனார்கள். நர்ஸ் மருந்தைக் கொட்டினார்.

கோட்டுக்காரர் உள்ளே வந்து ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். கையெழுத்துப் போட்ட ஆளைப் பேசியே கலைத்துவிட்டீர்கள் என்பது சாரம். சட்டப்படி எங்களிடம் ஒரு குறையும் இல்லை என்பதற்கு என்னைச் சாட்சிக்கு இழுத்தார். உண்மைதான், ஒரு குறையும் இல்லை. அந்த ஆள் வெந்துபோயிருந்தாலும் இருந்திருக்காது என்று சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். இவர் மட்டும் மெதுவாக, "அவர் ஒத்துக்கிட்டதே இல்ல. வேணுமா வேணாமான்னு இன்னிக்குத்தான் முதல் தடவையா யோசிக்கிறார்" என்றார்.

அந்த வாரம் கம்பெனியில் அவருடன் யாரும் சாப்பிட உட்காரவில்லை. சோதனையை வேறு ஊருக்கு மாற்றலாம் என்று பேச்சு அடிபட்டது. எனக்குத் தெரிய அவர் இரண்டு காரியம்தான் செய்தார். ஒளிக்கூருணர்வை எடுத்துவிட்டு வெயில் என்று போட நெறிமுறைக் குழுவுக்கு ஒரு மனு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய மனு அது. இன்னொன்று, அந்த ஆளுக்குப் போன் செய்யவே இல்லை. "ஒரு தடவை கூப்பிட்டு விசாரிச்சா என்ன?" என்று கேட்டேன். "நான் கூப்பிட்டா, எனக்காக வருவார் சார்" என்றார். ஆனால் போன் மணி அடித்தபோதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். கஞ்சி இறங்குவது நாளுக்கு நாள் குறைகிறது என்பது இருவருக்கும் தெரியும்.

அவர்களாகத்தான் வந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே பூக்காரர் ஆரம்பித்தார். "கடையில இவ உக்காருவா. வெலை பேசத் தெரியாது, பரவால்ல. நான் வீட்டுக்குள்ளயே இருந்து பூவ பிரிச்சுக் கட்டிக் குடுப்பேன். சன்னலுக்குக் கோணி அடிச்சாச்சு. கூரையில சீட்டு ஒடைஞ்சு ஒரு ஓட்டை, மதியத்துல அது வழியா காசு சைசுல வெயில் உள்ள வரும். அதையும் தார் பூசி அடைச்சிட்டேன். அப்புறம்," என்று நிறுத்தி, மனைவி தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் டாக்டரைப் பார்த்தார், "இது கட்டிய முழுசா எடுக்காது. சாப்பாடு போற வழிய மட்டும் தொறக்கும். சரிதானுங்களே?"

"சரிதான்" என்றார் டாக்டர். இந்தத் தடவை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சில்லு இறங்கிய நாளன்று திரையில் பார்த்தேன். சிவப்பாக ஒரு புள்ளி, ஊதுவத்தி முனை போல. எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் அதை விவரிக்க இடமில்லை.

ஒரு மாதம் கழித்து முதல் பரிசோதனை. பூக்காரர் வெளுத்திருந்தார், மற்றபடி தோலில் ஒரு கொப்புளம் இல்லை. குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "எக்ஸலண்ட்! வழி நல்லா தொறந்திருக்கு. சாப்பிடலாம்" என்றார். மனைவி சட்டென்று அழுதுவிட்டார். "கொணமாயிடுச்சு, கொணமாயிடுச்சு" என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார், என் கையையும் பிடித்துக்கொண்டார்.

நான் பொறியாளரைப் பார்த்தேன். அவர் ஸ்டூலை இழுத்துவிட்டார். கை கன்னத்துக்குப் போயிற்று. டாக்டர் என்ன சொன்னார், உங்கள் காதில் என்ன விழுந்தது என்று அந்த அம்மாளைக் கேட்கப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. திறந்தது வழி மட்டும்தான். கட்டி அடியில் இன்னும் இருக்கிறது, வளர்ந்து திரும்ப மூடும்.

அவர் கேட்கப் போவது பூக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மனைவிக்குப் பின்னால் நின்றபடி, வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தார். கிட்டே வந்து தாழ்ந்த குரலில், "எனக்குத் தெரியும் மேடம். கட்டி போகல. அவளுக்கு நானே சொல்லிக்கறேன். இன்னிக்கு வேணாம்" என்றார்.

பொறியாளரின் கை கன்னத்திலிருந்து இறங்கியது. என்றைக்குச் சொல்வீர்கள், எப்படிச் சொல்வீர்கள், சொல்லிக் காட்டுங்கள் என்று எதுவும் கேட்கவில்லை. "சரிங்க" என்றார்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையிலிருந்து தூக்கை எடுத்தார். இட்லி. ஒன்றை எடுத்துப் பிட்டுப் புருஷனிடம் கொடுத்தார். அவர் வாயில் போட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக மென்றார். நாங்கள் எல்லாரும், டாக்டர் உட்பட, அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறங்கியது.